கேள்வி – பதில்: பழைய டைவ் கம்ப்யூட்டர், புதிய லேப்டாப்

கேள்வி: என்னிடம் ஊவாடெக் ஸ்மார்ட் ப்ரோ டைவ் கம்ப்யூட்டர் (கடலில் மூழ்கும்போது ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கைக்கருவி) இருக்கிறது. அதன் பதிவுகளை எடுக்க யுஎஸ்பி இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) அடாப்டர் ஒன்று வாங்கி விண்டோஸ் 11 லேப்டாப்பில் செருகினேன். டைவ் பதிவுகளைச் சேமிக்கும் சப்சர்ஃபேஸ் மென்பொருளில் காம் போர்ட் (சீரியல் இணைப்புக்கான வாயில்) எதுவுமே காட்டவில்லை. அடாப்டர் பழுதா?

பதில்: காம் போர்ட் காட்டாததை வைத்து அடாப்டர் பழுது என்று சொல்ல முடியாது. இந்த வகை அடாப்டருக்குக் காம் போர்ட் வரவே வராது. ஸ்மார்ட் வரிசை, ஆலாடின் டெக், கலிலியோ சோல் ஆகிய டைவ் கம்ப்யூட்டர்கள் பேசுவது இர்டா என்னும் அகச்சிவப்புத் தொடர்பு நெறிமுறையில். அது சீரியல் கேபிளைப் போன்றதல்ல, வைஃபை போல ஒரு வலைப்பின்னல். கணினி முதலில் "அருகில் யார் இருக்கிறீர்கள்?" என்று அகச்சிவப்பு ஒளியில் கூப்பிடும். டைவ் கம்ப்யூட்டர் தன் பெயரைச் சொல்லிப் பதில் தரும். அதன் பிறகுதான் இணைப்பு. இந்தப் பேச்சுக்குத் தேவையான இர்டா அடுக்கு இயங்குதளத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது இர்டாவை எடுத்துவிட்டார்கள். 2016இல் 1607 பதிப்பில் அது திரும்பி வந்தது. இப்போது அது தானாக நிறுவப்படுவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், "இர்டா இன்ஃப்ராரெட்" என்பதைத் தேடிச் சேர்க்க வேண்டும். இணைய இணைப்பு அவசியம். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் நிர்வாகக் கட்டுப்பாடு இதைத் தடுக்கலாம். சொந்த லேப்டாப்பில் செய்வதே நல்லது. சேர்த்து முடித்ததும் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து அடாப்டருக்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள். அது சரியாக அமர்ந்தால் டிவைஸ் மேனேஜரில் "இன்ஃப்ராரெட் டிவைசஸ்" என்ற தலைப்பு புதிதாகத் தோன்றி, அதன் கீழ் அடாப்டர் பெயர் வரும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே மற்ற வேலை. பழைய டிரைவரை விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி மறித்திருக்கலாம். அந்தப் பாதுகாப்பை அணைப்பதற்கு முன் சிப் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் ஆன பின் சப்சர்ஃபேஸில் தயாரிப்பாளர் ஊவாடெக், மாடல் ஸ்மார்ட் ப்ரோ என்று தேர்ந்தெடுங்கள். போர்ட் கேட்கும் பெட்டியைக் காலியாக விடலாம்.

அடாப்டர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி. அறையைச் சற்று இருட்டாக்கி, கைபேசியின் முன்பக்கக் கேமராவை அடாப்டரின் கருஞ்சிவப்பு ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். சப்சர்ஃபேஸில் டவுன்லோட் பொத்தானை அழுத்தியதும் திரையில் மங்கலான ஊதா ஒளி படபடவென்று துடிக்க வேண்டும். இர்டா பயன்படுத்தும் 850 முதல் 900 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, பல கேமராக்களுக்குத் தெரியும். துடிப்பு இருந்தும் டைவ் கம்ப்யூட்டர் அகப்படவில்லை என்றால், கணினிப் பக்கம் பெரும்பாலும் சரி. கைக்கருவியைக் கவனியுங்கள்.

கேள்வி: எந்த அடாப்டர் வாங்குவது? டிவி ரிமோட்டுக்கான ரிசீவர் போதாதா?

பதில்: போதாது. ரிமோட் ரிசீவர் 38 கிலோஹெர்ட்ஸ் அளவிலான துடிப்பலையை மட்டும் வடிகட்டி எடுக்கும். இர்டா துடிப்பு அப்படி அல்ல: நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரோநொடிதான். ரிசீவர் அதைக் குப்பை என்று தள்ளிவிடும்.

வாங்கும்போது வெளி உறையையும் பிராண்டையும் பார்க்காதீர்கள். உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். எம்சிஎஸ்7780 இருந்தால் தயங்காமல் வாங்கலாம். செருகிய பின் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் தயாரிப்பாளர் எண் 9710, பொருள் எண் 7780 என்று இருக்கும். எஸ்டிஐஆர்4200 சிப் உள்ளவையும் வேலை செய்யும். ஆனால் 64 பிட் விண்டோஸுக்கு ஒத்துவரும் டிரைவர் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆலாடின் டெக் சில நேரம் அகப்படுகிறது, பாதியில் அறுந்துபோகிறது. ஏன்?

பதில்: இந்தக் கருவிகள் கேட்கப்பட்ட டைவ்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. மொத்த அளவைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டும். 90 சதவீதத்தில் அறுந்தாலும் முதலிலிருந்துதான். அதனால்தான் பல வருடத் தரவை எடுக்கும் முதல் தடவை மிகவும் சிரமப்படுத்தும். அது முடிந்துவிட்டால், பிறகு புதிய டைவ்கள் மட்டுமே வரும், நொடிகளில் முடியும்.

கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள். மேசையில் ஒரு புத்தகத்தின் மேல் அடாப்டரை வையுங்கள். எதிரே 10 முதல் 30 செ.மீ. தூரத்தில் டைவ் கம்ப்யூட்டரை, இரண்டு ஜன்னல்களும் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்துங்கள். 15 பாகைக்கு மேல் திரும்பினாலே சமிக்ஞை தடுமாறலாம். ஒட்டி வைப்பதும் தவறு: ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும். அறை ஜன்னல் வழியே வரும் வெயிலும் டியூப் லைட்டும் இடைஞ்சல். திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். கருவியின் ஜன்னலில் காய்ந்த உப்பும் சன்ஸ்கிரீன் பிசுக்கும் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மென்மையான துணியால் துடையுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

பேட்டரி சோர்ந்திருந்தாலும் இப்படி அறுபடும். ஆலாடின் டெக்கில் சிஆர்2450 பேட்டரி. தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரைவரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் உச்ச வேகம் குறைக்கும் வசதி இருந்தால் 115200 என்று வையுங்கள். அதற்கு மேற்பட்ட வேகம் இங்கே பயன்படாது.

கேள்வி: லினக்ஸில் முன்பு வேலை செய்த அதே அடாப்டர், புதிய பதிப்பில் செத்துக் கிடக்கிறது.

பதில்: லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இர்டாவை 4.14இல் ஒதுக்கி வைத்து, 2018இல் வந்த 4.17இல் முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். கெர்னலுக்கு வெளியே தொகுத்துச் சேர்க்கும் மாட்யூல்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலிலும் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். கெர்னல் 4.4 கொண்ட உபுண்டு 16.04ஐ ஒரு பென் டிரைவில் வைத்து, தரவிறக்க மட்டும் அதில் தொடங்குவது எளிது. அங்கே இர்டா டம்ப் கருவியை ஓடவிட்டால் 3 நொடிக்கு ஒருமுறை கூப்பிடும் வரிகள் ஓடும். டைவ் கம்ப்யூட்டரைக் காட்டியதும் அதன் பெயரோடு பதில் வரி வர வேண்டும். அந்த வரியைப் பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் மென்பொருள் அமைப்புதான்.

விண்டோஸ் 7ஐ, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் நிறுவுவதும் நல்ல வழி; அதில் இர்டா உள்ளேயே இருக்கிறது. யுஎஸ்பி ஃபில்டரில் மேலே சொன்ன 9710, 7780 எண்களைக் கொடுத்து அடாப்டரை உள்ளே அனுப்புங்கள். இணையத்தைத் துண்டித்தே வைத்திருங்கள். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் இது நடக்காது: அங்கே ஓடுவது ஆர்ம் விண்டோஸ், இன்டெல்லுக்கான டிரைவர் அதில் ஏறாது.

கேள்வி: ஆலாடின் ப்ரோவை எப்படி வைத்தாலும் அடாப்டர் கண்டுகொள்வதில்லையே?

பதில்: அதில் இன்ஃப்ராரெட்டே இல்லை. உலோகத் தொடுமுனைகள் வழியாகத்தான் பேசும். மெமோமவுஸ் என்ற சிறு பெட்டியும் சீரியல் கேபிளும் வேண்டும். அதை லேப்டாப்பில் செருக ஒரு யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கினால் போதும். நீங்கள் தேடிய காம் போர்ட் இதில் வரும்.