கராஜ் கதவுக்கு நாமே மோட்டார் மாட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறேன். கராஜ் கதவு ஓப்பனரை நானே மாட்டினால் ஆபத்தா?

மாட்டலாம். ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியைப் பிரிக்கும் முன், கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி மெதுவாக விட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் சரி. இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங் சரியில்லை என்று அர்த்தம். கதவின் எடையைச் சுமப்பது மோட்டார் அல்ல, அந்த ஸ்பிரிங்தான். முறுக்கேறி நிற்கும் அதில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை முறுக்கும் கம்பி நழுவினால் கை எலும்பு உடைந்துவிடும். அதற்கு ஆள் கூப்பிடுங்கள், காசு பார்க்க வேண்டாம்.

பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். சுவர் பட்டன் குழந்தைக்கு எட்டாதபடி 5 அடிக்கு மேல்.

கதவுக்குக் குறுக்கே யாராவது வந்தால் கண்டுபிடிக்கும் சென்சார் இரண்டும் தரையிலிருந்து 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சிலர், சென்சார் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது என்று இரண்டையும் கூரையில் எதிரெதிரே ஒட்டிவிடுவார்கள். இதைவிட மடத்தனம் இல்லை! குறுக்கே குழந்தை வந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, ஒன்றரை அங்குல மரக்கட்டையைக் கதவுக்கு அடியில் படுக்கப் போட்டு மூடிப் பாருங்கள். கட்டையில் பட்டதும் கதவு திரும்பி மேலேற வேண்டும். ஏறாவிட்டால் கீழிறங்கும் விசையைக் குறையுங்கள். மாதம் ஒருமுறை இதே சோதனை.

ஓப்பனரில் தொங்கும் சிவப்புக் கயிறு, கரண்ட் போனால் கதவைக் கையால் திறக்க. கதவு மூடியிருக்கும்போது இழுங்கள். திறந்திருக்கும்போது இழுத்தால் தலையில் விழலாம்.