வெயிலில் ஓரம் விடும் வயலின்: வச்சிரமா, வெள்ளைப் பசையா?

கேள்வி: வேலூரில் என் மாமனார் பல வருடங்களாக வாத்தியக் கடை நடத்துகிறார். வயலின், வீணை பழுது பார்ப்பது அவருடைய கைவேலை. இப்போது கடையை நானும் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். சித்திரை, வைகாசி வந்தால் போதும், மேல்பலகை ஓரத்தில் ஒட்டு விட்டுக்கொண்டு வயலின்கள் வரிசையாக வருகின்றன. மாமா வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டுவார். அடுத்த கோடையில் அதே வயலின் திரும்பி வரும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் ஒட்டினால் ஜென்மத்துக்கும் விடாது என்கிறார் கணவர். அதைக் கடைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? பலா மரத்தில் சொந்தமாக வயலின் செய்து பார்க்கவும் கணவருக்கு ஆசை. அது நடக்கிற காரியமா?
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. உங்கள் கணவர் சொல்வதுபோல வெள்ளைப் பசை விடாமல் பிடிக்கும் என்பதும் உண்மை. சிக்கலே அதுதான்.

வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். எந்த மரமும் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். மேல்பலகையின் அகலமான இடம் சுமார் 208 மி.மீ., தடிமன் 3 மி.மீ. அளவுதான். அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பக்கப் பலகையில் ரேகை நீளவாக்கில் ஓடுவதால் அந்தச் சுற்றளவு குறையாது. அக்னி நட்சத்திரத்தில் உங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டி, காற்றில் ஈரம் வற்றும்போது மேல்பலகை அரை மில்லிமீட்டர் குறுகினாலே போதும், அந்த இழுப்பு எங்காவது வெடித்தாக வேண்டும். வச்சிரம் போட்ட ஓரம் அங்கே ஃப்யூஸ் மாதிரி வேலை செய்கிறது. தான் விட்டுக்கொடுத்துப் பலகையைக் காப்பாற்றுகிறது. வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்காது, அதனால் பலகை பிளக்கும். விட்ட ஓரத்தை ஒட்டுவது சின்ன வேலை. பிளந்த பலகைக்கு வயலினையே திறந்து, பிளவை ஒட்டி, உள்ளே குறுக்கே சிறு துண்டுகள் வைக்க வேண்டும். உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே தாங்கலாக நிற்கும் குச்சிக்கு சவுண்ட் போஸ்ட் என்று பெயர். பிளவு அது நிற்கும் இடத்தில் ஓடிவிட்டால் வாத்தியத்தின் மதிப்பே இறங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வச்சிரம் ஈரமும் சூடும் பட்டால் இளகும், பழைய வச்சிரத்தின் மேல் புதியது பிடிக்கும். வெள்ளைப் பசை ஒருமுறை மரத்தில் ஊறிவிட்டால் அதன் மேல் வச்சிரம் ஒட்டாது, முழுக்கச் சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும். 1737-ல் மறைந்த இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்தும் மேல்பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற கட்டையும் மாற்றப்பட்டிருக்கின்றன. வச்சிரத்தால் ஒட்டியதால்தான் அவற்றைச் சேதமில்லாமல் திறக்க முடிந்தது.

ஆனால் ஒரே வயலின் ஒரே இடத்தில் ஒவ்வொரு கோடையிலும் விடுகிறது என்றால், வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. அழுக்கேறிய பழைய பசையைச் சுத்தம் செய்யாமல் மேலேயே தடவியிருக்கலாம். பசையைக் கொதிக்க விட்டிருக்கலாம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இடது கை உரசும் தோள் பகுதி என்றால் வியர்வை ஊறியிருக்கலாம். மூன்றையும் பாருங்கள்.

வச்சிரம் வெளிர் நிறத்தில், சுத்தமாக இருக்க வேண்டும். கறுத்துப்போய் நாற்றமடிப்பதை வாங்காதீர்கள். எடைக்கு ஒரு பங்கு வச்சிரத் தூளுக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். நேரடித் தீ வேண்டாம், 70-ஐத் தாண்டினால் பலம் குறையத் தொடங்கும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், கைக்கணக்கு இங்கே உதவாது. தூரிகையைத் தூக்கினால் பசை இழை அறுபடாமல் ஒழுக வேண்டும். மேல்பலகை ஓரத்துக்கு இதைவிட இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இளக்கமாக எடுங்கள். கழுத்துக்கும் பேஸ் பாருக்கும் போடுகிற கெட்டிப் பசையை ஓரத்துக்கும் போட்டால், வெள்ளைப் பசை செய்யும் கெடுதலில் பாதியை அதுவும் செய்யும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், பூஞ்சை கண்டால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டும் முறை இது. விரல் முட்டியால் ஓரம் சுற்றித் தட்டுங்கள். விட்ட இடத்தில் சத்தம் இறுகலாக வராமல் சலசலக்கும். தந்திகளைத் தளர்த்துங்கள், ஆனால் கழற்றிவிடாதீர்கள். நான்கும் போனால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடக்கூடும். மெல்லிய, மழுங்கிய தகட்டால் வெந்நீர் விட்டுப் பழைய பசையைத் துடைத்தெடுங்கள். பிறகு அதே தகட்டில் புதுப் பசையை உள்ளே செலுத்தி, இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் கழிவுத் தோலே போதும். பிதுங்கும் பசையை வெதுவெதுப்பான ஈரத் துணியால் உடனே துடையுங்கள், ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், வார்னிஷ் போய்விடும். ஒரு நாள் விட்டுத் தந்தி ஏற்றுங்கள். பலகையும் பக்கமும் தானாகச் சேரவில்லை என்றால் கிளாம்பை முறுக்கிச் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓரத்தைத் திறந்து, இழுப்பைத் தளர்த்திவிட்டு ஒட்ட வேண்டும்.

தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் நரம்பு, மேல்பலகையின் கீழ் ஓரத்தில் வளைந்து இறங்குகிற கருங்காலித் துண்டான சாடிலையும் கவனியுங்கள். மேல்பலகையில் வெட்டிய பள்ளத்தில் அது இறுக்கமாகப் பொருந்தியிருந்தால், பலகை சுருங்கும்போது கருங்காலி சுருங்காமல் எதிர்த்து நிற்கும், சாடில் முனையிலிருந்து நேராக விரிசல் கிளம்பும். சாடிலின் இரண்டு முனையிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாடிலை எடுத்து முனைகளை அரத்தால் ராவிக் குறையுங்கள். கோடையில் வரும் விரிசல்களில் இது மிகவும் தவிர்க்கக்கூடியது, ஆனால் அநேகர் கண்ணில் படுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிக் கச்சேரிக்குச் சென்னைக் கடற்காற்றில் போய்விட்டு வந்த பிறகும் நேர்மாறான கோளாறு வரும். பலகை ஈரம் குடித்து மேலெழும், தந்தி உயரும், சவுண்ட் போஸ்ட் தளரும். அது 6 மி.மீ. தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் குச்சி, குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத் துண்டு) உச்சத் தந்திப் பக்கக் காலுக்கு 2, 3 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். விழுந்தது தெரிந்தால் அந்தக் கணமே தந்திகளைத் தளர்த்தச் சொல்லுங்கள், தாங்கல் இல்லாமல் பலகை அமுங்கிவிடும். சுருதி கூட்டத் திருகும் பிரடை வழுக்குவது வெயில் காலத்தில், இறுகுவது மழையில். வழுக்கினால் சாக்பீஸ், இறுகினால் காய்ந்த சோப்பு. பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடகருக்குத் தக்கபடி சுருதி மாற்றும்போதெல்லாம் குதிரையின் உச்சி விரல்பலகைப் பக்கம் சாயும். அதை நிமிர்த்திப் பழகச் சொல்லிக்கொடுங்கள்.

முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடம், ஓரம் விட்டதால்தான் பலகை தப்பியது என்று ஒட்டும்போதே சொல்லிவிடுங்கள். மொட்டை மாடி அறை, வெயிலில் நிற்கும் கார், ஏ.சி. காற்று நேராக வீசும் இடம் மூன்றும் வேண்டாம். பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்று இருக்கட்டும், 40-லிருந்து 60 சதவீதம் நல்லது.

பலா விஷயம். வீணைக்குப் பலா சரி. வயலின் மேல்பலகைக்கு லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் மரம் வேண்டும். ஸ்ப்ரூஸ் கன மீட்டருக்கு 400, 450 கிலோ, பலா அதைவிட நன்றாகவே கனம். வில்லின் மெல்லிய உரசலுக்கு அது அசையாது. அடிப்பலகையில் வேண்டுமானால் முயலலாம்.

அதற்கு முன் கணவர் விலை குறைந்த தொழிற்சாலை வயலின் ஒன்றைத் திறந்து பார்க்கட்டும். அவற்றில் மேல்பலகை பல சமயம் 4, 5 மி.மீ. இருக்கும். கேலிப்பரில் அளந்து, உள்பக்கம் சுரண்டி 3-க்குக் கொண்டுவந்து, இளக்கமான வச்சிரத்தில் திரும்ப ஒட்டினாலே தொனி திறந்துகொள்வது காதில் தெரியும். மழுங்கிய கத்தியை அகலமான கீழ்ப் பகுதியின் ஓரத்தில் நுழைத்துத் தொடங்க வேண்டும். மரம் கிரீச்சிட்டால் அங்கே தள்ளாமல் எதிர்ப் பக்கத்திலிருந்து வரட்டும். மேலும் கீழும் கட்டைகள் ஒட்டியிருக்கும் இரண்டு இடங்களைக் கடைசிக்கு விட்டுவிடட்டும்.