எக்ஸ்க்ளூஷனா, எக்ஸெப்ஷனா? மிப்ஸ் குழுவுக்குப் புதிதாக வந்தவருக்கு

கேள்வி: சென்னையில் அமெரிக்க மருத்துவ பில்லிங் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் ஏஆர் காலிங் (வராத பில் பணத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போடும் வேலை) பார்த்தேன். போன மாதம் மிப்ஸ் (அமெரிக்க டாக்டர்களுக்கு மதிப்பெண் போட்டு, அதன்படி அரசுக் காப்பீடு தரும் பணத்தைக் கூட்டிக் குறைக்கும் திட்டம்) ரிப்போர்ட்டிங் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். டினாமினேட்டர் எக்ஸ்க்ளூஷன், டினாமினேட்டர் எக்ஸெப்ஷன் இரண்டும் ஒன்றுதானா? சர்க்கரை நோய் மெஷரில் (தர அளவுகோலில்) ஒரு டாக்டருக்கு 12 சதவீதம்தான் வந்திருக்கிறது. டீம் லீட் அதைப் பார்த்து ‘சூப்பர்’ என்கிறார். எப்படி? இஆர்ஏவில் (இன்ஷூரன்ஸ் அனுப்பும் மின்னணு பணக் கணக்கில்) சிஓ 237 என்ற குறியீடு வந்தால் அது டினையலா (பணம் தர மறுப்பா), அப்பீல் போடலாமா?

பதில்: முதல் இரண்டு கேள்விகளும் பின்னத்தைப் பற்றியவைதான். டினாமினேட்டர் என்பது பின்னத்தின் கீழ் எண்: இந்த மெஷருக்குள் வரக்கூடிய நோயாளிகள் எத்தனை பேர். நியூமரேட்டர் மேல் எண்: அவர்களில் மெஷர் கேட்டபடி நடந்தது எத்தனை பேருக்கு. யாரைக் கீழ் எண்ணிலிருந்து எடுக்கிறோம், எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

மனச்சோர்வு பரிசோதனை மெஷரை எடுத்துக்கொள்வோம். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள 100 பேர் வந்தார்கள். அதில் 10 பேருக்கு ஏற்கெனவே பைபோலார் நோய் இருப்பதாகப் பதிவு இருக்கிறது. இது எக்ஸ்க்ளூஷன். அவர்களுக்குப் பரிசோதனை செய்தார்களா இல்லையா என்றே பார்க்காமல் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மிச்சம் 90. இவர்களில் 60 பேருக்கு மெஷர் கேட்டபடி எல்லாம் முடிந்திருக்கிறது. மீதி 30 பேரில் 10 பேர் ‘எனக்கு வேண்டாம்’ என்று மறுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. இதுதான் எக்ஸெப்ஷன். வேலை நடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தக் காரணத்தைத் தேட வேண்டும். 90ல் 10 போக 80. 80க்கு 60, அதாவது 75 சதவீதம். மார்ச்சில் மறுத்தவர் ஆகஸ்டில் சம்மதித்துப் பரிசோதனை செய்துகொண்டால் அவர் எக்ஸெப்ஷன் இல்லை, நியூமரேட்டரில் சேர்ந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் சார்ட்டில் (நோயாளியின் மருத்துவப் பதிவில்) ‘மறுத்தார்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஆளைத் தூக்கிவிடுவார்கள். டாக்டருக்கு வரவேண்டிய ஒரு வெற்றி அங்கே காணாமல் போகும்.

சர்க்கரை மெஷர் தலைகீழானது. இன்வர்ஸ் மெஷர் என்பார்கள். அது எண்ணுவது சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களை, அதாவது ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9 சதவீதத்தைத் தாண்டியவர்களை. ஆகவே 12 என்பது நல்ல செய்தி. ஆனால் ஒரு பொறி உண்டு. அந்த வருடம் டெஸ்டே எடுக்காதவரும், எடுத்தும் ரிசல்ட் சார்ட்டில் ஏறாதவரும் ‘கட்டுக்குள் இல்லை’ கணக்கில்தான் விழுவார்கள். லேபிலிருந்து ஃபேக்ஸில் வந்த ரிப்போர்ட் ஸ்கேன் ஆகாமல் கிடந்தால் போதும், எண் ஏறிவிடும். எண் திடீரென உயர்ந்தால் நான் டாக்டரைக் கேட்பதற்கு முன் ஸ்கேன் ஃபோல்டரைத்தான் பார்ப்பேன்.

சரி, சிஓ 237. நான்கு வருட ஏஆர் பழக்கத்தில் கை தானாக அப்பீல் பக்கம் போகும். கூடவே என்807 என்ற ரிமார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டினையல் இல்லை, மிப்ஸ் அபராதம். போனஸ் என்றால் அதே என்807 உடன் 144 வரும்.

இதன் பின்கதை 2015ல் வந்த மக்ரா சட்டம். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிக்கேர், டாக்டர்களுக்குத் தரும் பணத்தை அது தரத்தோடு கட்டிப்போட்டது. 2017ல் கணக்கு தொடங்கியது. இப்போது தரம், செலவு இரண்டுக்கும் தலா 30, மின்னணு ஆவணப் பயன்பாட்டுக்கு 25, மேம்பாட்டு நடவடிக்கைகளுக்கு 15 என்று நூறு மதிப்பெண். சில வருடங்களாக 75தான் கோடு. அதற்குக் கீழே போகப் போக வெட்டு கூடி, அதிகபட்சம் 9 சதவீதம் வரை போகும். இப்படி வெட்டிய பணம்தான் கோட்டைத் தாண்டியவர்களுக்குப் போனஸாகப் போகிறது. அதனால் போனஸ் பெரிதாக இருப்பதில்லை.

மதிப்பெண் வாங்கும் வருடம் பர்ஃபார்மன்ஸ் இயர், பணத்தில் தெரியும் வருடம் பேமென்ட் இயர். நடுவே இரண்டு வருட இடைவெளி. 2025ல் வெட்டு விழுந்தால் காரணம் 2023ல் இருக்கிறது. டாக்டர் இடையில் வேறு கிளினிக்குக்கு மாறியிருந்தாலும் அவர் என்பிஐயை (டாக்டரின் தேசிய அடையாள எண்ணை) வெட்டு துரத்திக்கொண்டு வரும். கிளெய்ம் அப்பீலால் இதை மாற்ற முடியாது. மதிப்பெண்ணில் தவறு என்றால் டார்கெட்டட் ரிவ்யூ என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கதவு பேமென்ட் இயர் பிறப்பதற்கு முன்பே மூடிவிடும்.

இன்னொன்று. வெட்டு விழுவது மெடிக்கேர் தரும் பங்கில் மட்டும். அனுமதித்த தொகை 100 டாலர், டிடக்டிபிள் (காப்பீடு தொடங்கும் முன் நோயாளி கட்ட வேண்டிய தொகை) முடிந்துவிட்டது என்றால் மெடிக்கேர் பங்கு 80. முழு 9 சதவீத வெட்டு என்றால் 7 டாலர் 20 சென்ட். முன்னால் சிஓ (ஒப்பந்தப்படி டாக்டர் தரப்பே ஏற்க வேண்டியது) இருப்பதால் அந்த 7.20ஐ நோயாளி பெயருக்குத் தள்ளக்கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் போட்டு மூடுங்கள்.