பெட்டைக் குட்டி அடிக்கடி சிறுநீர் பீய்ச்சுகிறது, என்ன மருந்து?

கேள்வி: 14 மாதப் பெட்டைக் குதிரைக்குட்டி நான்கு நாட்களாக வாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுகிறது. கலங்கலாக, கடைசியில் வெள்ளையாக வருகிறது. கூடவே மேயும் அதே வயது ஆண் குட்டியை உரசியபடி நிற்கிறது. மருந்துக்கடையில் தொற்று என்று ஆன்டிபயாடிக் ஊசி கொடுத்திருக்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பருவ அறிகுறிதான், அதாவது இணை சேரத் தயாராகும் நாட்களின் அடையாளம். பின்னங்கால்களை அகட்டி, வாலை ஒருபுறம் தூக்கி, சிறிது பீய்ச்சிவிட்டுப் பிறப்புறுப்பின் உதடுகளைத் திறந்து மூடும், பார்த்தாலே தெரியும். கலங்கலும் வெள்ளையும் சுண்ணாம்புச் சத்தும் சளியும்தான், குதிரைக்கு அது இயல்பு. சிறுநீரைப் பார்க்காமலே ஊசியை விற்பவர் வியாபாரம் செய்கிறார், வைத்தியம் அல்ல. தேவையில்லாத ஆன்டிபயாடிக் குதிரையின் பெருங்குடலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தான கழிச்சலில் கொண்டுபோய் விடும். சில ஊசிகள், உடலில் நீர் குறைந்திருந்தால், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஊசிக்குக் கொடுக்கும் காசில் ஒரு நாட்காட்டி வாங்கி லாயத்துக் கதவில் மாட்டுங்கள். பெட்டைக் குதிரை வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் பிடிவாதமாகக் கேட்பது இதைத்தான். வால் தூக்கிய முதல் நாள், நின்ற நாள், அன்றைய குணம், எல்லாவற்றையும் எழுதுங்கள். பருவம் 5 முதல் 7 நாள் இருக்கும். தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய 21 நாளில் திரும்ப வரும். முதல் சில தடவை முன்னே பின்னே ஆகலாம். பகல் குறுகும் குளிர்காலத்தில் நின்றுவிடலாம். தொற்று தேதி பார்த்து வருவதில்லை. மருத்துவர் வந்தால் முதலில் கேட்பதும் இந்தத் தேதிகளைத்தான். இடைவெளியே இல்லாமல் தொடர்ந்தாலோ, ஆண் குதிரைபோல முரட்டுத்தனம் காட்டினாலோ சூலகத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

முக்கி முக்கி நின்றும் சிறுநீர் வராவிட்டால், இரத்தம் கலந்தால், காபி நிறத்தில் போனால், தீனியை விட்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிறந்ததிலிருந்தே சொட்டிக்கொண்டு தொடை புண்ணானால் அது பிறவிக் குறையாக இருக்கலாம்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த ஆண் குட்டியை ஏன் இன்னும் கூடவே விட்டிருக்கிறீர்கள்? ஒரு வயது தாண்டியதை நம்பவே கூடாது. வளர்ந்து முடியாத குட்டி 11 மாதம் சினை சுமக்கக் கூடாது. இன்றே உறுதியான வேலிக்கு அப்பால் பிரித்துவிடுங்கள். ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பிரித்த நாளிலிருந்து 16 நாள் கழித்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சினையைக் கலைக்க வேண்டியிருந்தாலும் அந்தச் சமயத்தில் மருத்துவருக்கு எளிது.