பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துபவர்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் வீடற்றோர் காப்பகங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

செல்வி: உழைக்க மனமில்லாதவர்கள்தானே தெருவில் கிடக்கிறார்கள்?

பாரிமுனை, சவுகார்பேட்டை பக்கம் அதிகாலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர், பூ விற்கிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் என்று எல்லோரும் அந்த பிளாட்பாரத்திலிருந்துதான் எழுந்து போகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து அதே தெருவில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. அன்றாடக் கூலி அன்றைக்கே கரைந்துவிடும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் என்று மொத்தமாக ஒரு தொகை கேட்டால் எங்கே போவார்கள்?

முருகன்: அரசு வீடு கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுகிறார்களே?

எங்கே கொடுத்தார்கள் என்று பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பிழைப்பு பாரிமுனையில், வீடு 20 கிலோமீட்டர் தள்ளி. விடியற்காலை 4 மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? பெண்கள் செய்துவந்த வீட்டு வேலையும் போய்விடும். வருமானம் பாதியானால் திரும்பத்தான் செய்வார்கள். மும்பை பிளாட்பாரவாசிகள் தொடுத்த வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு அவர்களை அகற்றுவதைத் தடுக்கவில்லை. இதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பிரபு: குடிதான் மூல காரணம் என்கிறேன். சரியா?

குடியால் வீட்டை இழந்தவர்கள் உண்டு. தெருவுக்கு வந்த பிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. கொசு, மழை, போகிற வருகிற வண்டி, நடு ராத்திரியில் எழுப்பி விரட்டுகிறவர்கள் என்று இத்தனைக்கும் நடுவில் எப்படித் தூங்குவது? பெண்கள் பாடு இன்னும் மோசம். குழந்தையை அணைத்துக்கொண்டு அரைத் தூக்கம்தான். மனநோயும் இப்படித்தான், இரண்டு பக்கமும் வேலை செய்யும். நோயால் ரயில் ஏறி ஊர் தெரியாமல் வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெரு வாழ்க்கையே மனதைக் குலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜெயா: அதற்குத்தான் காப்பகங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியாக இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. குடும்பத்துக்குத்தான் சிக்கல். பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை என்றால் அடுப்பையும் பாத்திரத்தையும் எங்கே வைப்பது?

தமிழரசி: முகவரி இல்லாமல் வாக்காளர் அட்டை கிடைக்குமா?

கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அங்கேதான் படுக்கிறாரா என்று சரிபார்ப்பார். நடைமுறையில் கொஞ்சம் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும்.

ரவி: மனநலம் பாதித்த ஒருவர் எங்கள் தெருவில் திரிகிறார். யாரிடம் சொல்வது?

காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடவும் வேண்டும். 'எங்களுக்கு இதுவா வேலை' என்று கேட்டால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். காயமோ மயக்கமோ இருந்தால் முதலில் 108.