ஸ்கீ ஜம்ப் கோபுரம்: பெங்களூருவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்து பெர்கிசல் ஸ்கீ ஜம்ப் கோபுரத்துக்கு (காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டி, உயரத்திலிருந்து சறுக்கி வந்து காற்றில் பாயும் விளையாட்டு) இரண்டு தடவை போய் வந்தேன். படங்களைப் பார்த்ததிலிருந்து பெங்களூரு நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஸ்கீயிங்கே தெரியாது. அங்கே போய் என்ன செய்வது? (ஜெயநகர்)

எனக்கும் தெரியாது அக்கா. வேடிக்கை பார்க்கத்தான் போகிறோம். மலைமேல் சுமார் 50 மீட்டர் உயரக் கோபுரம், உச்சியில் கண்ணாடி போட்ட உணவகம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடக் குட்டைதான், ஆனால் மலையும் சேர்ந்துகொள்வதால் ஊரே காலடியில் கிடக்கும். கட்டட வடிவமைப்பு ஜஹா ஹதீத், 2002-ல் முடிந்தது. 1964, 1976 குளிர்கால ஒலிம்பிக் நடந்த குன்று இதுதான். கோபுரம் மட்டும் புதிது.

அம்மாவுக்கு முட்டி வலி. ஏற முடியுமா? (மாரத்தஹள்ளி)

தாராளமாக. கீழிருந்து சாய்தள ரயில், அப்புறம் லிஃப்ட். என் அத்தை எழுபது வயதில் புடவையோடு ஏறினார். மேலே காற்று சில்லென்று அடிக்கும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

நந்தி மலையில் திப்பு டிராப் பார்த்தவனுக்கு இதில் என்ன புதுசு? (ஹெப்பாள்)

நல்ல கேள்வி. திப்பு டிராப்பில் வெறும் பள்ளம். இங்கே அந்தப் பள்ளத்துக்குள் ஒருவர் வேண்டுமென்றே பாயப்போகிறார்! வீரர் உட்காரும் கட்டையிலிருந்து ஓடுதளம் சரேலென்று இறங்கும். விளிம்பைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அங்கிருந்து நேரே பார்த்தால் தரையிறங்கும் சரிவு, அதற்கும் அப்பால் ஒரு கல்லறைத் தோட்டம். வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்துக்கொண்டா குதிக்கிறார்கள்?" என்றார். அதன் பிறகு நார்ட்கெட்டெ மலைத்தொடரை அவர் சரியாகப் பார்த்தாரா என்பது சந்தேகம்.

பனி இல்லாத கோடையில் போனால் வீண்தானே? (இந்திரா நகர்)

எனக்குக் கோடைதான் பிடிக்கும். சரிவில் பிளாஸ்டிக் பாய் விரித்து, தண்ணீர் தெளித்து அதன்மேல் பயிற்சி செய்வார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒருவர் பறப்பதைப் பார்க்கலாம். சத்தம் முதலில், ஆள் அப்புறம். ஜனவரி தொடக்கத்தில் நான்கு மலைப் போட்டி (ஜெர்மனி, ஆஸ்திரியாவின் நான்கு ஊர்களில் நடக்கும் ஸ்கீ ஜம்ப் தொடர்) இங்கே வரும், அப்போது கூட்டத்தில் காட்சி எதுவும் தெரியாது.

எப்படிப் போவது? (ஒயிட்ஃபீல்டு)

மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஊருக்குள் 1-ஆம் எண் டிராம். சில்க் போர்டு சிக்னல் நெரிசலைக் கடந்து பழகியவர்களுக்கு இதெல்லாம் தூரமே இல்லை.

நார்வேயில் ஓஸ்லோவில் இருக்கும் ஸ்கீ ஜம்ப் கோபுரமும் இதே மாதிரியா? (கோரமங்களா)

அதன் பெயர் ஹோல்மென்கொல்லன். மெட்ரோவிலேயே போகலாம், கீழே 1923-ல் தொடங்கிய ஸ்கீ அருங்காட்சியகமும் உண்டு. வரலாறு வேண்டுமென்றால் அது, காபியோடு காட்சி வேண்டுமென்றால் பெர்கிசல். காபி நம் ஃபில்டர் காபி மாதிரி இருக்காது, அதை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்.