பதில்: ஐப்பசியில் இரண்டு நாள், மலை, ஏரி, திராட்சைத் தோட்டம் – கும்பகோணத்திலிருந்து

ஐப்பசியில் இரண்டு நாள் மலை, ஏரி, திராட்சைத் தோட்டம் மூன்றையும் பார்க்கக் கொடைக்கானல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடைக்கானல் வேண்டாம், தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குப் போங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் அங்கேதான் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் கிடைக்கும்: கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை, மலையேறினால் குமுளி, அதையடுத்து தேக்கடி ஏரி.

நீங்கள் பார்த்த, ஏரிக்கரைச் சரிவில் மஞ்சள் இலைகளோடு கொடிகள் நிற்கும் படம், அநேகமாகச் சுவிட்சர்லாந்தின் லாவோ பகுதியாக இருக்கும். நம் ஐப்பசியில் இலை பழுக்காது, அடைமழைதான் பெய்யும். கொடைக்கானலில் ஏரி உண்டு. திராட்சைக்கோ கீழே உள்ள வெப்பம் வேண்டும்.

கம்பத்தில் கொடிகளைக் கல்தூண் நட்டு, கம்பிப் பந்தலில் படர விட்டிருப்பார்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தலையில் குலை இடிக்கும். பன்னீர் திராட்சை கருநீலமாக, மேலே சாம்பல் பூத்தது போல் இருக்கும். விரலால் தொட்டால் அந்தப் பூச்சு அழிந்துவிடும், தொடாதீர்கள்.

அறை பதிவு செய்யும் முன் தோட்டத்துக்குப் பேசி, கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, எப்போது நடந்தது என்று கேளுங்கள். நான்கு மாதம் ஆகியிருந்தால் பழம் இருக்கும். சமீபத்தில் வெட்டியிருந்தால் வெறும் குச்சிதான். ஆளுக்கொரு பருவத்தில் வெட்டுவதால் பக்கத்துத் தோட்டத்தில் பழம் இருக்கலாம்.

ஒன்று மட்டும்: வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பழம் வெடிக்கும், குமுளி மலைப்பாதையில் மண் சரியும். சம்பா நடவு முடிந்த கையோடு கிளம்புவதென்றால் புரட்டாசிக் கடைசியே நல்லது. தேக்கடி ஏரியில் படகு டிக்கெட்டுக்குக் காலையிலேயே நில்லுங்கள்.